என் தங்கை தளர்த்திய தந்திகள்

கிட்டாரின் தந்திகளைத் தளர்த்துமாறு தங்கையை நான்தான் இணங்கவைத்தேன் என்று உறவினர் புகழ்கின்றனர். அஃது உண்மையன்று, ஆதலால் இதனை எழுதுகிறேன்.

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துத் திருமணங்களில் அவள் கணவர், என் மைத்துனர், வாசித்த பழைய கிட்டார் அது. முகப்பு ஸ்ப்ரூஸ் என்னும் மென்மரப் பலகை. முதுகு ஈட்டி மரம். அவர் மறைந்தபின் தங்கை அதை எவரையும் தொடவிடவில்லை. “அவரு கடைசியா சுருதி சேத்து வெச்சது, அண்ணே. அப்படியே இருக்கட்டும்” என்பாள்.

ஓராண்டு கழித்து நான் சென்றபோது, எஃகுத் தந்திகளின் இழுவையால் முகப்புப் பலகை புடைத்திருந்தது. தளர்த்தாவிட்டால் அது பிளந்துவிடும். மென்மையான அம்மரத்தின் இயல்பை அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன்.

“பாடம் போதும் லா, அண்ணே” என்றவள், கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் கிடத்தி, முதன்முறையாக ஒரு தந்தியை மீட்டினாள். அடுத்ததையும் மீட்டினாள். முகம் சுளித்தாள், பிறகு சிரித்துவிட்டாள்.

“இது அவரு வெச்ச சுருதியே இல்ல. எப்பவோ கலைஞ்சு போச்சு. இதைக் கேட்டிருந்தா மனுசன் என்னைத் திட்டியே தீத்திருப்பாரு!”

சுருதி நாளடைவில் தானே கலையும் என்பதை நான் அறிவேன். அவள் மனம் நோகுமென்று சொல்லாதிருந்தேன். அவளோ கண்களைத் துடைத்துக்கொண்டு, திருகுகளைத் தானே ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

கணவரின் சுருதியைத் தன் செவியில் அவள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மரங்களைப் பற்றி நான் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக. அவள் செவியைப் பற்றி எழுதியதில் எனக்கு ஐயமில்லை.