இடது கைக்கு ஒரு பை

பால் பொங்கி வருகிறது. சைலன்சர் அக்கா வலது கையால் அடுப்பை அணைக்கிறார், அதே கையால் பாத்திரத்தை இறக்குகிறார், சிந்தியதையும் அதே கையால் துடைக்கிறார். இடது கை நைட்டிப் பைக்குள் கிடக்கிறது. அடியும் இல்லை, கட்டும் இல்லை. அந்தக் கைக்குத் தண்டனை, அவ்வளவுதான்.

பை வைத்துத் தைத்தவர் வீட்டுக்காரர். தையல்காரர். மனைவியின் உடுப்பு ஒன்று விடாமல், தொழிற்சாலைச் சீருடை உட்பட, எல்லாவற்றிலும் இடது பக்கம் பெரிய பை. "பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு நிக்கிறவன சோம்பேறின்னுதான் சொல்லுவாங்க. நீ என்னடான்னா வேலைக்காக நிக்கிற" என்கிறார்.

கார் தொழிற்சாலையில் சைலன்சர் மாட்டுகிற பிரிவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. பட்டப்பெயர் அப்படி வந்தது. மற்றபடி அந்த வாய்க்கும் சைலன்சருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வரும் வண்டிக்கு அடியில் போய், குழாய் இணைப்பருகே இடது புறங்கையை நீட்டுவார். "இங்க ஊதுது பாரு" என்பார். அங்கே கசிவு இருக்கும். போல்ட் கை நழுவித் தரையில் விழுந்தால் மொத்தப் பிரிவும் "ஓ" என்று ஊளையிடும். அக்காவைப் பார்த்து யாரும் ஊளையிட்டதில்லை. விழுகிற போல்ட்டை இடது கை அந்தரத்திலேயே பிடித்துவிடும்.

இப்போது அங்கே தயாராவது மின்சாரக் கார். புகை இல்லை, எனவே சைலன்சரும் இல்லை. பிரிவை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா அசையவில்லை.

"நான் வீட்ல உக்காந்தா இந்த மனுஷன் போடற ஒவ்வொரு தையலுக்கும் குத்தம் சொல்லுவேன். அப்புறம் அவரும் ஓடிப்போயிடுவாரு. பேட்டரி பிரிவுக்குத்தான் போவேன்."

அதற்கு ஒரு தேர்வு உண்டு. பேட்டரி மூடியைத் திறந்ததும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று தெரிகிறவரை, கையுறை போட்டிருந்தாலும், ஒரு கைதான் உள்ளே போகலாம். இரண்டும் பட்டால் மின்சாரம் ஒன்றில் ஏறி, நெஞ்சு வழியாக மற்றதில் இறங்கும். இதையெல்லாம் அக்கா கடகடவென்று ஒப்பிப்பார். அவருக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது. முதல் தேர்வில் மூடி திறந்ததுமே, கசிவு தேடுகிற பழக்கத்தில், இடது புறங்கை உள்ளே போய்விட்டது. இரண்டாவதில், வலது கை உள்ளே இருக்கும்போது, மூடி மேலிருந்து ஒரு போல்ட் உருண்டது. இடது கையால் பிடித்துவிட்டார். என்ன அழகாகப் பிடித்தார்!

பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, நெஜ பேட்டரியா இருந்தா இந்நேரம் நீங்க இல்ல. இன்னும் ஒரு தடவதான் விடுவாங்க. அதுலயும் போச்சுன்னா அனுப்பிடுவாங்க."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர்.

"அந்தத் தம்பியும் சுடுகாட்டத்தான் சொல்றாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். அன்றைக்குத்தான் பை தைக்கச் சொன்னார். "கையுறையோட நுழையற மாதிரி பெருசா வைங்க."

அதன் பிறகு வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்கவில்லை. அக்கா கடக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் மேசையிலிருந்து நூல்கண்டு, வெங்காயம், டப்பா மூடி என்று எதையாவது உருட்டிவிடுவார். முதலில் கை துள்ளி வெளியே வந்துவிடும். "போச்சு, செத்துட்டே" என்பார் அவர். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திரும்பவும் உள்ளே திணிப்பார். நேற்று நல்ல கண்ணாடித் தம்ளர் ஒன்றை உருட்டினார். கை வரவில்லை. தம்ளர் சுக்குநூறாயிற்று.

"தம்ளர் போனா போகுது. பொழச்சிட்டேன் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

இன்று கடைசித் தேர்வு. பால் ஆறுவதற்குள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மேசைமேல் பேட்டரி. பயிற்சியாளர் எதிரே நிற்கிறார். பழைய பிரிவுக்காரர்கள் தங்கள் முறைக்காகப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா மூடியைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பால் பேட்டரியில் மாட்டி, மறுமுனையை வலது கையில் எடுத்தார். மூடி மேலிருந்து ஒரு போல்ட் மெல்ல உருளத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். சீருடைப் பை ஒருமுறை புடைத்தது, தையல் இழுபட்டது, பிறகு அடங்கியது.

போல்ட் தரையில் விழுந்து துள்ளியது. பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "ஓ" என்று ஊளையிட்டார்கள். அக்கா திரும்பவில்லை. வலது கையை உள்ளே நீட்டி, மீட்டர் முனையை வைத்தார்.