ஒரே பக்கம் பார்த்த கப்பல்கள்

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்பை நீட்ட, மகள் மாட்டினாள். காற்றில் துணிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

"பார்த்தியாடி, நம்ம கேஸ்."

"ஆரம்பிச்சுட்டியா? ஊரே கேட்டாச்சும்மா. கிளிப்பைக் குடு."

அம்மா துறைமுக வக்கீல். கப்பலும் கப்பலும் மோதினால் தப்பு யாருடையது என்று வாதாடுவதுதான் அவள் பிழைப்பு. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டியும் உப்பு ஜாடியும் எந்நேரமும் மோதிக்கொண்டிருக்கும். மகள் இன்ஜினியரானதற்கு அந்த மேசையும் ஒரு காரணம்.

'நம்ம கேஸ்' ஒரு பயணிப் படகு ஓட்டுநருடையது. துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கப்பல் அவர் படகின் விலாவைப் பிளந்தது. கப்பல் நங்கூரம் போட்டுச் சும்மா நின்றது, படகுதான் வந்து விழுந்தது என்று சாதித்தது கப்பல் கம்பெனி. தோற்றால் அவர் உரிமம் போய்விடும். பிறகு சுக்கானைத் தொடவே முடியாது.

மோதிய கையோடு கரையிலிருந்து எடுத்த படம் ஒன்றைக் கம்பெனியே பெருமையாகக் கொடுத்தது. நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியிருப்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டுநருக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மா சங்கிலியைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற மற்ற கப்பல்களைப் பார்த்தாள். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

"சார், பின்னாடி நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலெல்லாம் எந்தப் பக்கம் பார்க்குது?" என்று கம்பெனி வக்கீலைக் கேட்டாள்.

"துறைமுக வாசல் பக்கம்."

"உங்களது?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "உள்பக்கம். காத்து திருப்பியிருக்கலாம்."

"உங்களுக்கு மட்டும் தனியா அடிச்சுதா சார் அந்தக் காத்து?"

நீதிபதியே சிரித்துவிட்டார். ஓடிவந்து இடித்த பிறகுதான் நங்கூரத்தை இறக்கியிருக்கிறார்கள்; கப்பல் திரும்பக்கூட நேரமில்லை. தப்பு முழுவதும் கப்பலுடையது என்று தீர்ப்பானது. அதிலிருந்து கரையோர நீதிமன்றக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் படகு ஹாரன் அடிக்கும். அம்மா பேச்சை நிறுத்தி, "நம்ம ஆளு," என்பாள்.

"அந்தப் படம் எனக்கு வேணும் மேடம். சுக்கானுக்கு மேல மாட்டணும்," என்று ஓட்டுநர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஒருவழியாகப் பிரேம் போடக் கொடுத்திருந்தாள்.

"நாளைக்குப் போய் வாங்கி அவர் கையில குடுத்துடணும்டி," என்று மாடியில் அம்மா கடைசிக் கிளிப்பை நீட்டினாள்.

அந்த நாளை அம்மாவுக்கு விடியவில்லை. ரசீது அவள் கைப்பையில் இருக்கிறது. படம் கடையில் இருக்கிறது.