எல்லோரும் அருவிக்கு, நாங்கள் வெயிலுக்கு

பிள்ளைகளா, தென்காசியில் ஆனி பிறந்தால் மேகம் இறங்கி வந்து மலையைப் போர்த்திக்கொள்ளும். பூவைப்போலச் சாரல் விழும். வெளியூர் சனமெல்லாம் குற்றாலத்துக்கு வண்டி ஏறும். நான் மட்டும் அந்தச் சாரலுக்குள் மெல்ல மெல்ல அமிழ்ந்துபோவேன்.

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு சீசனில்தான் சவாரி. எனக்கோ எழுந்திருக்கவே முடியாது. எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீராது. வயிறு சோறும் இனிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சுதான் வராது. யாராவது கூப்பிட்டால், ஆழத்தில் கிடக்கிறவனைக் கரையில் நின்று கூப்பிடுவதுபோல் இருக்கும்.

"அத்தான், ஐந்தருவியில தலையக் குடுங்க. உள்ள இருக்கதெல்லாம் தண்ணியோட போயிரும்" என்று என் மனைவியின் தம்பி இழுத்துப்போனான். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அருவிதான் மருந்து. நின்றேன். தலை நனைந்ததுதான் மிச்சம்.

அன்று போர்வைக்குள் கிடந்தபோது, இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள் அவள் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பாக்கு என்னையப் பிடிக்கலையாம்மா?"

மறுநாளே டாக்டரிடம் போனோம். "எப்போ ஆரம்பிக்குது?" என்றார். மனைவிதான் சொன்னாள்: "துவைச்ச துணி காயாம நாறுதுல்லா, அப்பத்தான் சார். புரட்டாசி வெயில் வந்தா சரியாயிருவாவ. போன வருசமும் இப்படித்தான், அதுக்கு முந்தியும் இப்படித்தான்."

"அதுதாம்மா அடையாளம். வருசாவருசம் அதே காலத்துல வந்து, காலம் மாறினா போயிரும். இது சோம்பேறித்தனம் இல்ல, மனச்சோர்வு. வெளிச்சம் குறைஞ்ச குளிர் நாடுகள்ல நிறையப் பேருக்கு உண்டு. நம்ம பக்கம் குறைவு. இருக்கவங்களும் வெளிய சொல்றதில்ல."

மாத்திரை எழுதித் தந்து, காலை வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார்.

"சாரல்ல வெளிச்சத்துக்கு எங்க சார் போக?" என்றாள் மனைவி.

மலையை விட்டு விலகிக் கிழக்கே, ஆலங்குளம் சாலையில்தான் போக வேண்டும். அடுத்த நாள் காலையில் மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எதிரே தலையில் துண்டு கட்டியவர்களாக வண்டி வண்டியாக வந்தார்கள்.

"அப்பா, எல்லாரும் அருவிக்குல்லா போறாவ. நாம எங்க போறோம்?"

"வெயிலுக்கு."

ஓரிடத்தில் சாரல் நின்றது. அதற்கப்பால் சாலை காய்ந்து கிடந்தது. தூரத்துக் காற்றாலைகள் கனவில் சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றின. இறங்கி நடந்தோம். முதுகில் வெயில் இளஞ்சூடாக ஊறியது.

"எம்மேல கோவமாப்பா?"

"இல்லட்டி. சாரல் வந்தா அப்பாக்கு மனசுக்குச் சொகமில்லாமப் போயிருது. காய்ச்சல் மாதிரி. உன்னால இல்ல."

என்னைக் குனியச் சொல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடலையே. பொய் சொல்லுதீங்க."

"அது நெத்தியில தெரியாது."

"பின்ன எப்படிக் கண்டுபிடிக்க?"

"நான் பேசாமக் கிடந்தா, 'அது வந்துட்டாப்பா?'ன்னு கேளு."

இப்போதும் கேட்கிறாள். சில நாள் "ஆமாட்டி" என்று சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.