மஞ்சள் கடுதாசியும் ஒரு சிறுநீரகமும்

1995இல் ஒரு திங்கட்கிழமை மாலை ஆறே முக்காலுக்குச் செருப்பைக் கழற்றினேன். வார் அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கால் மணி நேரம் ஆகியும் அது மேலெழவில்லை. கணபதி என்ற பகுதியில் இரண்டு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டுப் பட்டறை நடத்தினேன். நாளெல்லாம் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் மருத்துவர் சொன்னார்: "ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சுங்க."

ஏழு மாதம், வாரம் இருமுறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்). பிறகு என் மனைவி சரோஜா தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அதை என் வலது அடிவயிற்றில் வைத்தார்கள்.

பிழைத்த பிறகுதான் அதிகம் பயந்தேன். காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை. தவறினால் என் உடலே அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கும் (நிராகரிப்பு என்கிறார்கள்; காய்ச்சல் அதற்கு ஓர் அறிகுறி). லேத் இரண்டும் விற்றாயிற்று. கடன் கொடுத்த வாரவட்டிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். உடுமலைப்பேட்டையில் இருக்கும் சரோஜாவின் அண்ணன், என் அறுவை சிகிச்சைக்காகத் தென்னந்தோப்பை ஒத்திக்கு விட்டவர். மாதாமாதம் மாத்திரைக்கும் அவர்தான் பணம் அனுப்பினார்.

வழக்கறிஞர் திவால் மனு போடச் சொன்னார். எங்கள் பக்கம் அதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர். கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் போகும். உறவுக்குள் எழுத்தில்லாமல் வாங்கியதை நாங்கள் கடன் என்று சொல்வதில்லை. அதனால் பட்டியலில் மச்சான் பெயரை எழுதவில்லை.

"அவரை மறைச்சீங்கன்னா மோசடிம்பாங்க" என்றார் வழக்கறிஞர்.

எழுதினால் அவர் மானம் போனதாக நினைப்பார், மாத்திரைக்குப் பணம் வராது. எழுதாவிட்டால் மனு தள்ளுபடியாகும். ஒன்பது நாள் தாளைத் தொடவில்லை. சமையல் பாத்திரத்தையும் தொழில் கருவியையும் கடனுக்கு எடுக்காமல் சட்டம் விட்டுவைக்கிறது. நாளைக்கு வேண்டிய மாத்திரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சூதாடித் தோற்றவனுக்கும் எனக்கும் ஒரே மனு. எனக்காகத் தோப்பை ஒத்திக்கு விட்டவரும் வாரவட்டிக்காரரும் ஒரே வரிசை. பத்தாம் நாள் அவர் பெயரை எழுதினேன்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாளே மச்சான் வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, தபால்காரன் நீட்டறப்பவே டீக்கடையில நாலு பேரு பாத்துப்போட்டாங்க."

"எல்லாரையும் எழுதோணும்னு சட்டமுங்க மச்சான்."

"எல்லாரையுமா?" சரோஜாவின் பக்கம் திரும்பினார். "அம்மணி, உன்ர கிட்னியையும் எழுதிப்போட்டாரா?"

"அதுக்கு என்ன வெலை போடறதுன்னு தெரியலீங்ண்ணா. உட்டுட்டாரு" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வாரேன் என்று சொல்லாமலே படியிறங்கிப் போனார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப் போனதே இல்லை.

நீதிமன்றம் மனுவை ஏற்றது. வாரவட்டிக்காரர்கள் வருவது நின்றது. மச்சானின் மணியார்டரும் நின்றது. அடுத்த வாய்தாவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இதை எழுதும் இன்று கைவசம் ஒன்பது நாள் மாத்திரை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடன் தீர்ந்தால் பயம் தீரும் என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள். மருந்துக்கு வழி செய்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது எனக்கு ஒரு நாள் என்பது எட்டிலிருந்து எட்டு வரைதான். அடிவயிற்றில் கை வைத்தால் சூடாக இருக்கிறது. காய்ச்சலா, வெறும் உடல்சூடா என்று தெரியவில்லை. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, சரோஜா பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.