கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

"அளவு எடுக்கவா மனே?"

ஏழு வயதுச் சிறுமியின் முன் முழங்காலிட்டுக் கேட்கிறாள் சுல்பிகா. பிள்ளை தலையாட்டினால்தான் நாடா தோளில் படும். மறுத்தால், பழைய சட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதில் அளவெடுப்பாள். "சின்னப் புள்ளக்கிட்டயும் கேக்கணுமா ராத்தா?" என்று தாய்மார் அலுத்துக்கொள்வார்கள். "உடம்பு அவட உடம்புதானேகா" என்பாள், வாயில் குண்டூசியோடு.

கல்முனையில் பெருநாள் நெருங்கினால் அவள் வீட்டில் தைக்க வந்த சீத்தைத் துணி மலையாய்க் குவியும். நெட்டை உருவம். அடுத்த வளவுக்குக் கேட்கும் சிரிப்பு. ரேடியோவோடு போட்டிக்குப் பாடுவாள். ஆனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள்; மஸ்கட் இனிப்பை வாயில் வைக்க மாட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது மஸ்கட் பொட்டலத்தோடு வந்து போனவர் அச்சிமுகம்மது, வாப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஆளில்லாத வேளைகளில் பிள்ளையிடம் செய்யக்கூடாததைச் செய்தார். மூன்று மாதம் வாய் திறக்காதவள், ஒரு பகல் அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

ஆயிஷா உம்மா துருவிக் கேட்கவில்லை. சுளகை வைத்துவிட்டு மகளை அணைத்துக்கொண்டாள். "ஒன்னில ஒரு பிழையும் இல்ல மனே." பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். குடும்ப மானம் என்று அடக்க வந்தவர்களிடம், "மானம் போனது செஞ்சவருக்கு. எண்ட புள்ளைக்கு ஒண்டும் போகல்ல" என்றாள். அவர்கள் இருந்த வீடு உம்மாவின் சீதனம்; அங்கே அவள் சொல்தான். அதன்பின் அவர் அந்தப் படி ஏறவில்லை.

பயம் தெளிய வருடங்கள் பிடித்தன. பள்ளிக்கூடத்தை நிறுத்த உம்மா விடவில்லை, தையலும் பழக்கினாள். லொறி ஓட்டும் மாமி மகன் அபூசாலிக்குக் கலியாணம் பேசியபோது, சுல்பிகாவே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அதுக்கு ஒங்கள நான் ஏன் குறையா நினைக்கணும்?" என்றான் அவன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு அச்சிமுகம்மது ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகுமுன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். ஊரார் நாலு பேரோடு, இருபது வருடம் கழித்து இந்த வாசலிலும் வந்து நின்றார்.

"ஏதும் பிழை செஞ்சிரிந்தாப் பொருந்திக்கொள்ளு மகள்."

மெஷினை விட்டு எழுந்து வந்தாள் சுல்பிகா. குரல் உயரவில்லை.

"ஏதும் எண்டு கேட்டாப் பொருந்த ஏலா சாச்சா. என்ன செஞ்ச எண்டு சொல்லிக் கேளுங்க."

கூட வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். திரும்பி நடந்தார்.

அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். அறுந்திருந்த நூலை ஊசியில் கோக்கப் பார்த்தாள். மூன்று தரமும் நூல் ஊசிக்காதைத் தவறியது. அதை அவள் மறைக்கவில்லை. பகல் சோற்றுக்கு வந்திருந்த அபூசாலி பக்கம் நூல் நுனியை நீட்டி, "இதக் கொஞ்சம் கோத்துத் தாங்க" என்றாள்.