முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டா

வகுப்பில் கம்ப்யூட்டர் விளையாட்டு வைத்தால் பிள்ளைகள் உருப்படுமா என்று யாராவது கேட்டால் நான் வாதம் செய்வதில்லை. எங்கள் அப்பா மவுஸ் பிடித்த கதையைச் சொல்லிவிடுவேன்.

பாகூர் பக்கம் எங்கள் ஊர். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். எதைக் கேட்டாலும் தலையாட்டுவேனே தவிர, வாயைத் திறக்க மாட்டேன். வகுப்புக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு உண்டு. கரும்பு வண்டியை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். முச்சந்திக்கு முச்சந்தி ஒரு கணக்கு. தப்பான பாதையில் திரும்பினால் வண்டி வாய்க்காலில் கவிழும். டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மவுஸ் பிடிப்பவர் தானாக எதுவும் செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வழியைச் சொல்லி, ஏன் என்றும் சொன்னால்தான் வண்டி நகரலாம். என்னை எப்போதும் பக்கத்தில்தான் உட்காரவைப்பார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

அப்பா டிராக்டரில் ஊராருக்கு உழுது கொடுப்பவர். நான் பேசாததற்குப் பள்ளிதான் காரணம் என்று அவருக்கு ஏற்கெனவே கோபம். அங்கே விளையாட்டு வேறு நடக்கிறது என்று காதில் விழுந்ததும் கொதித்துப்போனார். இனிமேல் வேன் வரும் தனியார் பள்ளிதான் என்று முடிவாகிவிட்டது. புதுப் பிள்ளைகள் நடுவில் போய் நிற்க எனக்குப் பயம்.

டி.சி. வாங்க வந்தவரை டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டு வாங்கிக்குங்க. உங்க பொண்ணு வழி சொல்லுவா."

அப்பா மவுஸைப் பிடித்து ஸ்டியரிங்கைப் போலத் திருகினார். வண்டி நகரவில்லை.

"திருவாதபா. தள்ளு" என்றேன்.

அப்பாவை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மறுபேச்சில்லாமல் தள்ளினார். இரண்டு முச்சந்திகளைத் தாண்டினோம். மூன்றாவதில், முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அப்பா கையை எடுத்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லபா. முக்கால்தான் பெரிசு."

"எப்புடி சொல்ற?"

"ஒரு தோசைய நாலா பிச்சு மூணு துண்டு தின்னுட்ட. இன்னா மீதி?"

"கால் தோச."

"இன்னொண்ண மூணா பிச்சு ரெண்டு தின்னுட்ட. இதுல மீதித் துண்டு பெரிசு இல்ல? அப்ப எதுல ஜாஸ்தி தின்ன?"

"புரியலயே. இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அப்போதும் தலையைச் சொறிந்தார். எனக்கு ஆத்திரம் வந்து, பலகையில் வட்டம் போட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி விளக்கினேன். ஒருவழியாக அவருக்குப் புரிந்தது. கரும்பு வண்டி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பா டி.சி. கேட்காமலே எழுந்து போனார். விளையாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கூடவே, இந்தச் சின்னக் கணக்குக்கூடத் தெரியவில்லையே என்று அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. முக்கால் காணி, அரைக்கால் காணி என்று தினமும் உழுதுவிட்டு, ஒரு குழி நிலம்கூடப் பிசகாமல் வரப்பில் நின்றே கணக்குச் சொல்கிறவர் அவர் என்பது அன்றைக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை.