மைக்ராஸ்கோப்புக்கு வைத்த பொட்டு

வைட்டமினைச் செல்லுக்குள் ஏற்றிவிடும் புரதத்தை உயிருள்ள செல்லிலேயே பார்க்க, அதன் வாலில் பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை ஒட்டியிருக்கிறோம். மாதக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் ஒரே இருட்டு. இந்த வாரம் படம் காட்டாவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்கள்.

இன்று காலை பார்த்தால், எங்கும் பச்சை!

"சுமதி, ஓடி வா, வந்துடுச்சு!"

சுமதி என் லேப் தோழி, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; 'ஆமா'வுக்கு அந்த ஊர் 'ஹவ்'தான் வரும். லேசில் நம்ப மாட்டாள். காலி டிஷ்ஷை வைத்துப் பார்த்தாள்.

"ஹவ் அக்கா, வந்துடுச்சு. செல்லே இல்லாத டிஷ்லயும் வந்துடுச்சு. நேத்து ஆயுத பூஜையில லென்ஸுக்கு மஞ்சள் வெச்சது யாரு?"

நான்தான். நீல ஒளியில் மஞ்சள் பச்சையாக மின்னும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான்.

துடைத்துவிட்டுப் பார்த்தோம். பழைய இருட்டு.

மாதாப்பூர் ஐ.டி. கம்பெனி நண்பர்களே, நேற்றுப் பொட்டு வைத்த உங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சௌக்கியமா?